ஊழியமா, தொண்டா? ஒரு பூங்காவும் கொஞ்சம் வரலாறும்



அடுத்த கட்டுரை பங்குச் சந்தையைப் பற்றித்தான் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். அது இன்னொரு நாள். இந்த முறை வரலாறு. பி.காம். படிக்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பத்தாம் வகுப்போடு நானும் அதற்கு ஒரு கும்பிடு போட்டவன்தான். ஆனால் ஒரு சின்னப் பையன் கேட்ட கேள்வியும், ஒரு சாயாக்கடையில் காதில் விழுந்த ஒரு வார்த்தையும் என்னை நூலகத்துக்குத் துரத்தி விட்டன. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த மார்ச்சில் எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம் நாகர்கோவில் பக்கத்து கிராமம் ஒன்றில் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஏழு நாள், அரசுப் பள்ளிக்கூடத்தில் தங்கல். எங்களுக்குத் தந்த வேலை, குளத்தங்கரையில் இருந்த ஒரு சிறு பூங்காவைச் சுத்தம் செய்வது.

பூங்கா என்று பெயர்ப்பலகைதான் சொன்னது. ஊஞ்சலுக்கு இரும்புச் சட்டம் இருந்தது, சங்கிலி இல்லை. சறுக்குப் பலகை நடுவில் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தது. இடுப்பளவுக்குக் கம்யூனிஸ்ட் பச்சை, அதற்கடியில் தொட்டாவாடி, அதற்கும் அடியில் உடைந்த பாட்டில்கள். பாம்பு இருக்கும் என்று பயந்து முதல் நாள் பாதிப் பேர் வாசலை விட்டு நகரவில்லை.

இரண்டாம் நாள் ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் வேலையில் இறங்கிவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. சுவருக்கு வெள்ளையடிக்கவும், மரத்தைச் சுற்றிக் காவி பூசவும் சிலருக்கு பிரஷ் கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கையுறையும் சாக்கும். யாருக்கு எது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. கைக்கு வந்தபடி கொடுத்ததாகத்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் சாக்கோடு வந்து நின்றான்.

“அண்ணா, எங்களுக்கு பெயிண்ட் கிடையாதா?”

“நாளைக்குத் தாறேன் மக்கா.”

“இல்லண்ணா, எங்க அப்பாவும் டவுண்ல இதத்தான் செய்யுதாவ. அதான் கேட்டேன்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சாக்கு வைத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் சானல்கரை வீடுகளில் இருந்து வந்தவர்கள். பிரஷ் வைத்திருந்தவர்கள் மேலத்தெருப் பிள்ளைகள். யாரும் என்னிடம் அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. சட்டை வெள்ளையாக இருந்தவனுக்கு, முன்னால் வந்து நின்று பேர் சொன்னவனுக்கு பிரஷ் போயிருக்கிறது. பின்னால் தயங்கி நின்றவனுக்குச் சாக்கு. பிரித்தது நான்தான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே இருந்த ஒரு பாட்டா கேட்டார்: “பிள்ளேளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தருவாவ?”

“கூலி ஒண்ணும் கிடையாது பாட்டா. கேம்ப்.”

“கூலி இல்லாத வேலையா? அப்ப அது ஊழியமுல்லா!” என்று சிரித்தார்.

நாங்களும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஊழியம் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் தோன்றுவது சபை ஊழியம், ஊழியக்காரர். பாட்டா சொன்னது அது இல்லை. அது என்ன என்று தேடியதில் கிடைத்ததுதான் இனி வருவது.

கூலி இல்லாத வேலை

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அந்த அரசில் நடந்த கட்டாய வேலைக்குப் பெயர்தான் ஊழியம். ரோடு போட, சுமை தூக்க, விறகு வெட்ட, அரசுக்கும் கோவிலுக்கும் வேண்டியதைக் கொண்டு சேர்க்க, ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போக வேண்டும். கூலி கிடையாது. தன் வயலில் அறுப்பு கிடந்தாலும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போயாக வேண்டும்.

கணக்குப் படிக்கிறவன் என்பதால் எனக்கு இப்படித் தோன்றியது. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதல் வகுப்பில் சொல்லித் தந்த பாடம். ஊழியத்தில் ரோடு வந்தது, குளம் வந்தது, மதில் வந்தது. அவை அரசின் சொத்து. அதற்கு உழைத்தவன் பெயரில் எந்தப் பேரேட்டிலும் ஒரு சல்லிக்காசு வரவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ரோட்டுக்கும் குளத்துக்கும் உழைத்த சாதியினரே பல ரோடுகளில் நடக்க முடியாது, பல குளங்களில் இறங்க முடியாது. வேலைக்கு மட்டும் வரலாம்.

கர்னல் மன்றோ இங்கே ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1815இல், கிறிஸ்தவர்களாக மாறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்தும் கோவில் சம்பந்தமான ஊழியத்திலிருந்தும் விலக்கு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் ‘வர முடியாது’ என்று சொல்ல ஒரு கூட்டத்துக்கு உரிமை வந்தது. இன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அதற்கு முன் அந்த ஒரு நாள்கூட இல்லை. அந்த நூற்றாண்டின் முற்பாதியில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் இந்தக் கட்டாய வேலைக்கும் வரிகளுக்கும் எதிராகப் பேசினார். அங்கே உள்ள முத்திரிக் கிணறு, சாதி பார்க்காமல் எல்லாரும் நீர் எடுக்கத் தோன்றிய கிணறு. 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது. ஊழியமும் படிப்படியாகத் தேய்ந்து போனது.

வார்த்தை மட்டும் தேயவில்லை. கட்டாயமாகச் செய்த ஊழியத்திலிருந்து தப்பிய மக்களே, தாங்கள் விரும்பிக் கடவுளுக்குச் செய்யும் பணிக்கும் ஊழியம் என்று பெயர் சொன்னார்கள். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். இடையில் மாறியது ஒன்றுதான்: முதலாவதில் மறுக்க முடியாது, இரண்டாவதில் முடியும்.

மலைக்கு அந்தப் பக்கம்

ஆரல்வாய்மொழி தாண்டினால் அப்போது பிரிட்டிஷ் ஆட்சி, சென்னை மாகாணம். அங்கே வேறு ஒரு வழக்கம் இருந்தது. குடிமராமத்து. ஊர்க் குளத்தைத் தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது, வாய்க்காலில் களை எடுப்பது எல்லாம் ஊரார் சேர்ந்து செய்யும் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் பாயும் வயல்காரனுக்கு அதில் லாபமும் உண்டு. ஆனால் வழக்கம் தளரத் தொடங்கியதும் அரசு 1858இல் ஒரு சட்டமே போட்டது. அதன் பெயரிலேயே ‘கட்டாய உழைப்பு’ என்று இருக்கிறது! கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்கலாம், வழக்கமான மராமத்து வேலையைச் செய்யாதவரிடம் பணம் வசூலிக்கலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ‘ஊரார் சேர்ந்து’ என்றால் யார் யார்? நிலம் உள்ளவன் பெயரில் வேலை இருக்கும். சேற்றில் இறங்கியது பல இடங்களில் அவனிடம் கூலிக்கு இருந்தவன். அதனால் குடிமராமத்து என்றதும் பழைய பொற்காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு புகழ எனக்கு மனம் வரவில்லை. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மீண்டும் கொண்டு வந்தபோது, அரசே நிதி ஒதுக்கித்தான் வேலை நடந்தது. அதுதான் நியாயமும்.

துடைப்பத்தைக் கேட்டு வாங்கியவர்

1901இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி அங்கே போகிறார். கழிப்பறைகள் நாறிக் கிடக்கின்றன. தொண்டர்களிடம் சொல்கிறார். ‘அது எங்கள் வேலை இல்லை, தோட்டிகளின் வேலை’ என்கிறார்கள். அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்கிறார். தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ‘எங்கள் வேலை இல்லை’ என்று சொன்னவர்கள் யார்? தொண்டர்கள்! அதாவது எங்களைப் போன்றவர்கள். மார்பில் பேட்ஜ் குத்தியிருந்தும், எந்த வேலை யாருடையது என்ற பட்டியல் அவர்கள் தலைக்குள் அப்படியே இருந்திருக்கிறது. சாக்கைப் பிரித்துக் கொடுத்தபோது என் தலைக்குள் இருந்ததும் அதே பட்டியல்தான்.

நம் ஊரில் தெருவுக்காகவே போராட வேண்டி இருந்தது. வைக்கத்தில் 1924-25இல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சுசீந்திரத்தில் 1926இல் நடந்தது பலருக்குத் தெரியாது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. நாங்கள் பைக்கில் ஒரு நிமிடத்தில் கடந்து போகிற தெரு! 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவுக்கு அவர் பெயர்தான். நான் சின்ன வயதில் அந்தப் பூங்காவில் விளையாடியவன். எல்லாரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போய் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் என்பது எங்கள் மாவட்டத்தில் எவ்வளவு புதிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாணவர்கள் வருகிறார்கள்

சென்னை மாகாணச் சட்டம் வந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1958 டிசம்பரில், இலங்கையில் ஒரு விஷயம் நடந்தது. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் ஏ.டி. ஆரியரத்ன. அவர் தன் மாணவர்களை கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வாழ்ந்தவர்கள் ரொடி மக்கள். சிங்களச் சமூகத்தில் மிகவும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த ஊரில் தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு சேர்ந்து கிணறு வெட்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆரியரத்ன 2024இல் காலமானார்.

சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. தானம் யார் கொடுக்க முடியும்? தன்னிடம் இருப்பது தனக்குச் சொந்தம் என்று ஆனவன்தான் கொடுக்க முடியும். ஊழியத்தில் உழைப்பே அவனுடையதாக இல்லை. அப்புறம் எங்கே தானம்? கனத்தொலுவவில் நடந்ததில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், எப்போதும் வேலை வாங்கிப் பழகிய கை அங்கே மண்வெட்டி பிடித்தது.

அதே சமயத்தில் இந்தியாவிலும் ஒரு பெரிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் பட்டம் வாங்குமுன் சமூகத்துக்கு ஏதாவது உழைக்க வேண்டும் என்று நேரு விரும்பினார். 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, அதைக் கட்டாயமாக்கலாம் என்றது. 1960இல் கே.ஜி. சையிதைன் பல நாடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம், விரும்புகிறவர்கள் மட்டும் செய்யட்டும் என்று அறிக்கை கொடுத்தார். கடைசியில் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். விரும்பிச் சேர்கிறவர்களுக்கு மட்டும்.

ஏட்டில் அப்படித்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தது சான்றிதழுக்காக. இரண்டு வருடத்தில் 240 மணி நேரமும் ஒரு முகாமும் முடித்தால் கிடைக்கும். என் வகுப்பில் பாதிப் பேர் கதை இதுதான். இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறேன். எங்களால் ‘வரவில்லை’ என்று சொல்ல முடியும். சான்றிதழ் போகும், அவ்வளவுதான்.

சானல்கரைப் பையனால் அப்படிச் சொல்ல முடியுமா? கல்லூரி அண்ணன் சாக்கைக் கையில் திணிக்கும்போது? இதுதான் என்னை உறுத்தியது.

சாவி யாரிடம்?

இவ்வளவும் படித்தபின், பொது இடத்தைச் சுத்தம் செய்வது தொண்டா ஊழியமா என்று பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. ஒன்று, செய்கிறவன் ‘முடியாது’ என்று சொல்லலாமா? இரண்டு, வேலை முடிந்தபின் அவன் அங்கே உட்காரலாமா?

சென்னையில் 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருக்காரர்கள் மாதாமாதம் சிறு தொகை போட்டு, குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களை ‘தெரு அழகுபடுத்துபவர்’ என்ற பெயரில் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். தினமும் செய்ய வேண்டிய வேலைக்குக் கூலி கொடுத்தார்கள். என்றோ ஒரு நாள் செய்கிற தொண்டு, அன்றாடம் செய்கிறவரின் கூலிக்கு மாற்றாக முடியாது. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் வருடம் முழுக்கச் செய்வதை நாங்கள் ஏழு நாள் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் எங்களுக்குக் கிடைத்த பாராட்டில் கொஞ்சமாவது அவர்களுக்கும் போக வேண்டாமா?

இரண்டாவது கேள்விக்கு நியூயார்க்கில் ஒரு உதாரணம் இருக்கிறது. 1973இல் அங்கே பல தெருக்களில் காலி மனைகள் குப்பை மேடாகக் கிடந்தன. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. இடத்தை எங்களிடம் கொடுங்கள் என்று மாநகராட்சியிடம் கேட்டார்கள். 1974இல் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த இடம் கிடைத்தது. இன்றும் அந்தத் தோட்டம் அவர் பெயரில் இருக்கிறது. சுத்தம் செய்தவர்களிடமே பொறுப்பும் வந்ததுதான் விஷயம்.

மீண்டும் நம்ம பூங்காவுக்கு

நான்காம் நாள் காலையில் சீட்டு எழுதிக் குலுக்கினோம். பிரஷ், சாக்கு, மண்வெட்டி, வாரியல். பிள்ளைகள், நாங்கள், கூட வந்த சார் எல்லாரும் ஒரே டப்பாவில் கை விட்டோம். எனக்குச் சாக்கு வந்தது. அந்தப் பையனுக்கு பிரஷ் வந்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அவனுக்கு வந்தது வாரியல். அவன் முகத்தில் வருத்தம் இல்லை. மேலத்தெருப் பையன் ஒருவனுக்கும் சாக்கு வந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட்ட ஆரம்பித்துவிட்டான்.

முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்து நானும் இரண்டு நண்பர்களும் சும்மா போய்ப் பார்த்தோம். ஊஞ்சலுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். ஆனால் கேட்டில் பூட்டு! திரும்பவும் கெட்டுப் போய்விடக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் சுவரேறிக் குதித்துத்தான் உள்ளே போகிறார்கள். சுத்தம் செய்ய வாசல் வழியாகக் கூப்பிட்டோம், விளையாட மட்டும் சுவரேற வேண்டும். பழைய ரோட்டுக் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சாயாக்கடையில் பாட்டாவிடம் சொன்னோம். மே 1 கிராம சபையில் சானல்கரை அம்மாக்கள் சிலரும் மேலத்தெருக்காரர்கள் சிலரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். இப்போது சாவி சாயாக்கடையில் ஆணியில் தொங்குகிறது. காலையில் கடை திறக்கும்போது பூங்காவும் திறக்கும், கடை அடைக்கும்போது பூட்டும்.

போன வாரம் போயிருந்தேன். புல் மறுபடியும் முளைத்திருக்கிறது. ஒரு மூலையில் தொட்டாவாடியும் தலைகாட்டுகிறது. அடுத்த முகாமுக்கு நான் படித்து முடித்துப் போயிருப்பேன். ஜூனியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். சாக்கைக் கையில் எடுக்கும் முன் சீட்டுக் குலுக்குங்கள். பூட்டு வாங்கும் முன் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

பங்குச் சந்தை அடுத்த முறை, கண்டிப்பாக. :-)